ஜெனீவா கேட்ட கேள்வியும் கேட்காத கேள்வியும்

துண்டு என்பது ஒரு சிறு காகிதம். அதில் எழுதப்பட்ட செய்தியும் சிறியதே. இன்ன கங்காணியின்கீழ் உள்ள இத்தனை ஆட்கள்மீது இவ்வளவு ரூபாய் கடன் நிற்கின்றது. அத்தொகையைச் செலுத்துவோர்க்கு அவ்வாட்களை விடுவிக்கத் தோட்டத்துத் துரை உடன்படுகின்றார் என்பதே அதன் சாரம். கங்காணி அக்காகிதத்தை மடியில் செருகிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போவான். அங்குள்ள துரைக்கு ஆள் வேண்டும். அவர் கடனைத் தீர்ப்பார். பின்னர் ஆணும் பெண்ணும் குழந்தையுமாக ஒரு கூட்டம் சட்டிபானைகளைச் சுமந்துகொண்டு ஒரு மலை இறங்கி வேறொரு மலை ஏறும். காகிதம் கைமாறியது, மனிதர் இடம் மாறினர். தம் பேரில் எத்தனை ரூபாய் எழுதப்பட்டிருக்கின்றது என்பதைப் படித்தறியும் எழுத்தறிவு அவர்களுட் பெரும்பாலோர்க்கு இல்லை.

இதே காலத்தில் ஐரோப்பிய அரசுகள் மாநாடு கூடி, மனிதரை விற்பதும் வாங்குவதும் நாகரிக உலகின் களங்கம் என்று உடன்படிக்கைகள் எழுதின. ஆசியாக் கண்டம் முழுதும் சுற்றி விசாரிக்க ஓர் ஆணைக்குழுவும் வந்தது. அவ்விசாரணையின் வலையில் சிக்கியவை எவை, அதன் கண்ணிகளூடே நழுவியவை எவை என்பதைச் சப்ரகமுவத் தோட்டங்களில் நின்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களைக் கொண்ட இம்மாகாணம் தனி மாகாணமாக வகுக்கப்பட்டது 1889-இல். மலையகம் என்றதும் நுவரெலியாவையும் ஹற்றனையும் நினைப்பது நம் வழக்கம். இறக்குவானையும் பலாங்கொடையும் தெரணியகலையும் யட்டியாந்தோட்டையும் நம் நினைவில் பின்தங்கியே நிற்கின்றன. சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கும் இத்தோட்டங்களின் வரலாறும் அவ்வாறே சிதறிக் கிடக்கின்றது.

*

1904-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் கையெழுத்தான முதலாவது உடன்படிக்கை 'வெள்ளை அடிமை வாணிபம்' என்பதை ஒடுக்குவதற்கென எழுந்தது. அன்றைய இரக்கத்தின் எல்லை எதுவென்பதை அந்த 'வெள்ளை' என்னும் அடைமொழியே காட்டிவிடும். அதே 1904-இல்தான் இலங்கைத் தோட்டத் துரைமார் திருச்சிராப்பள்ளியில் தமக்கென ஒரு தொழிலாளர் ஆணையகத்தை நிறுவி, தமிழ்நாட்டு மாவட்டங்களில் ஆள் திரட்டும் வேலையை ஒழுங்குபடுத்தினர்.

முதல் உலகப் போர் முடிந்து சர்வதேச சங்கம் தோன்றிய பின்னர், 1921-இல் ஜெனீவாவில் புதிய உடன்படிக்கை எழுதப்பட்டது. இப்பொழுது 'வெள்ளை' என்ற சொல் நீங்கி, 'பெண்கள், குழந்தைகள் வாணிபம்' என்னும் பெயர் வந்தது. ஆயினும் அவ்வுடன்படிக்கையின் 14-ஆம் பிரிவு, கையெழுத்திடும் அரசு தன் குடியேற்ற நாடுகளை விரும்பினால் விலக்கி வைக்கலாம் என்றது. பாதுகாப்புக்குரிய வயது 21 என்று பொதுவாக வரையறுக்கப்பட்டபோது, இந்தியாவின் பேரால் கையெழுத்திட்டோர் 16 போதும் என்று ஒதுக்கம் கேட்டுப் பெற்றனர். சொல்லில் நிறபேதம் மறைந்தது. சட்டத்தின் பின்வாசலில் அது காவல் நின்றது.

ஜெனீவாவில் மனித வாணிபம் வேறு வேறு அறைகளில் வைத்து ஆராயப்பட்டது என்பதையும் நாம் கவனித்தல் வேண்டும். விபசார விடுதிக்கு விற்கப்பட்ட பெண் ஓர் அலுவலகத்தின் பொறுப்பு. அடிமை, 1926-ஆம் ஆண்டின் அடிமைத்தன உடன்படிக்கையைச் சார்ந்தவன். கட்டாயமாக வேலை வாங்கப்பட்டவன், 1930-இல் இயற்றப்பட்ட கட்டாய உழைப்பு உடன்படிக்கையின் வழியே சர்வதேசத் தொழில் தாபனத்துக்கு உரியவன். கடனால் கட்டுண்டு, குடும்பத்தோடு கடல் கடந்து, தோட்டத்துக்குத் தோட்டம் தொகை பேசி மாற்றப்பட்ட தமிழ்ப் பெண் எந்த அறையைச் சார்ந்தவள்? அவள் விபசாரி அல்லள். சட்டப்படி அடிமையும் அல்லள். 'விரும்பி' வந்தவள் என்பதனால் கட்டாயத் தொழிலாளியும் அல்லள். மூன்று கதவுகளும் அவளுக்கு அடைபட்டிருந்தன.

*

கீழைநாட்டு விசாரணையை எடுத்துக்கொள்வோம். 1924 முதல் 1927 வரை ஐரோப்பா, அமெரிக்கா ஆகிய பகுதிகளில் சர்வதேச சங்கத்தின் நிபுணர் குழு நடத்திய முதலாவது ஆராய்ச்சியில், ஆராய்வோர் மாறுவேடம் பூண்டு தரகரோடு பழகி உண்மையைத் திரட்டினர். ஆசியாவுக்கு அம்முறை வரக்கூடாது என்பதில் ஏகாதிபத்திய அரசுகள் விழிப்பாயிருந்தன. 1930-இல் புறப்பட்ட ஆணைக்குழு அரசாங்கங்களின் சம்மதத்தோடு செல்லவும், பெரும்பாலும் உத்தியோகபூர்வமான தகவல்களையே நாடவும் வேண்டியதாயிற்று. ஒரு நாட்டின் எல்லைக்குள் நடப்பதை ஆராய்வது அதன் வேலையன்று. எல்லை கடந்த வாணிபம் ஒன்றே அதற்குரிய பொருள்.

உறுப்பினர் மூவர்: அமெரிக்கராகிய பாஸ்கம் ஜோன்சன், சுவீடன் நாட்டு மருத்துவர் அல்மா சுண்ட்குவிஸ்ட் அம்மையார், போலந்து நாட்டு இராசதந்திரி கரோல் பிண்டோர். செலவுக்கான பணம் அமெரிக்கச் செல்வராகிய ரொக்பெல்லர் குடும்பத்தோடு தொடர்புடைய ஓர் அமைப்பிலிருந்து வந்தது. அதே குடும்பத்தின் பணத்தில் இயங்கிய சுகாதார சபைதான் 1916-இல் மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. தொழிலாளியின் குடலில் இருந்த புழுவைக் காணும் பொறுமை செல்வர்க்கு இருந்தது. அவன் தோளில் இருந்த கடனைக் காணும் கண்ணாடி அவர்களிடம் இல்லை.

ஆணைக்குழு யப்பான், சீனா முதலாக மலாயா, டச்சு இந்தியத் தீவுகள், மேற்காசியா வரை விரிந்த பெரும் பரப்பைத் தன் ஆய்வுக்குள் அடக்கியது. இலங்கையும் இந்தியாவும் அதனுள் இருந்தன. 1932-இன் முடிவில் அறிக்கை தயாராயிற்று. கீழைநாட்டு வாணிபத்தில் மிகுதியாகச் சிக்குண்டோர் சீனப் பெண்கள் என்றும், அரசாங்க அனுமதி பெற்ற விபசார விடுதிகளே வாணிபத்துக்கு ஊற்றுக்கண் என்றும் அது தெளிவாகக் கூறியது. இக்கூற்றின் பெருமையை நாம் மறைக்க வேண்டியதில்லை. 'கீழைநாட்டு வழக்கம் அது; நாம் தலையிடலாகாது' என்று சாக்குச் சொல்லிவந்த அதிகாரிகளின் வாயை அது ஓரளவேனும் அடைத்தது. 1937-இல் யாவாத் தீவின் பண்டுங் நகரில் கீழைநாட்டு அரசாங்கங்களின் மாநாடு கூடியதும் அதன் விளைவே.

ஆயினும் விசாரணை எவரிடம் நடந்தது? துறைமுகத்தில், பொலிஸ் அலுவலகத்தில், செயலகத்தில். கேள்வியைக் கேட்டோர் அந்நியர். விடையைச் சொன்னோர் ஆட்சியாளர். கொழும்புத் துறைமுகத்தில் நின்று பார்த்தால் சப்ரகமுவ தெரியாது. அவிசாவளை வரை ஓடி, அங்கிருந்து ஒருபுறம் யட்டியாந்தோட்டைக்கும் மறுபுறம் இரத்தினபுரி வழியாக ஓப்பநாயக்கைக்கும் சென்ற களனிப் பள்ளத்தாக்கின் சிறு இரயில்தான் அதற்கு வழி. தேயிலையும் றப்பரும் அவ்வழியே இறங்கின; மண்டபம் முகாமில் அடைத்துவைத்துச் சோதிக்கப்பட்டுத் தலைமன்னாரில் கரையேறிய மனிதர் அவ்வழியே ஏறினர்.

*

சட்டத்தின் சொற்களுக்கு வெளியே தோட்டத் தொழிலாளியை நிறுத்தி வைக்கும் இவ்வித்தை ஜெனீவாவில் பிறந்ததன்று. இலங்கையில் அடிமைமுறை 1844-இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. மூன்றே ஆண்டுகளில், 1847-இல், இந்திய அரசாங்கம் ஒரு சட்டம் இயற்றி, வெளிநாடு செல்லும் கூலிகள் பற்றிய தடையிலிருந்து இலங்கையை விலக்கியது. மொரீசியசுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் சென்றவர்க்கு ஒப்பந்தமென்று ஒன்று இருந்தது. கொடிய ஒப்பந்தமாயினும் அதைக் காவல்செய்ய ஓர் அதிகாரி பெயரளவிலேனும் இருந்தார். இலங்கைக்கு வந்தவனுக்கு அதுவும் இல்லை. அவன் 'சுதந்திரமாக' வந்தவன். ஆகவே 1917-இல் ஒப்பந்தக் கூலிமுறைக்கு எதிராக இந்தியாவெங்கும் கிளர்ச்சி மூண்டு அது நிறுத்தப்பட்டபோது, அவ்வெற்றி இலங்கைத் தோட்டத்தின் படலையைத் தட்டவில்லை.

அந்தச் சுதந்திரத்தின் உட்புறம் எத்தகையது? ஊரில் நிலமற்றவன், சாதியால் மிதிபட்டவன், பஞ்சத்தால் நொந்தவன் கங்காணியிடம் முன்பணம் வாங்குகின்றான். வழிச்செலவு, உடை, அரிசி எல்லாம் கணக்கில் ஏறுகின்றன. தோட்டத்தை அடையுமுன்னரே அவன் கடனாளி. கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. தன் ஆள் ஒவ்வொருவரும் வேலைக்குப் போகும் நாளுக்கு இவ்வளவு என்று அவனுக்குக் காசு சேரும். ஆகவே ஆள் நோயுற்றாலும் பெரட்டுக்கு வந்தாக வேண்டும். அறிவிப்பின்றி வேலையை விட்டுச் சென்றால் 1865-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காத்திருந்தது. உடன்பாட்டை மீறிய தொழிலாளியை அது குற்றவாளியாக்கிச் சிறைக்கு அனுப்பியது. கடன் கொடுத்தவனுக்கும் கடன் பட்டவனுக்கும் இடையே சிவில் வழக்காக இருக்க வேண்டியது, ஏழைக்கு மட்டும் சிறைக் கதவாயிற்று.

இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் றப்பர் வந்தது. கேகாலைத் தாழ்நிலங்களிலும் இரத்தினபுரிச் சரிவுகளிலும் காடு அழிந்து றப்பர் நடப்பட்டது. 1910-ஐ ஒட்டி அதன் விலை உச்சத்தை எட்டியது. தோட்டங்கள் ஆளுக்காக ஒன்றோடொன்று போட்டியிட்டன. போட்டி கூலியை உயர்த்தியிருக்க வேண்டும் அன்றோ? உயர்ந்தது கூலியன்று, துண்டின் தொகையே உயர்ந்தது. தொழிலாளியின் உழைப்புக்குச் சந்தையில் விலை ஏறியபோதும் அந்த ஏற்றம் கங்காணிக்கு முன்பணமாகவும், தொழிலாளிக்குக் கடனாகவுமே வந்து சேர்ந்தது. முதலாளித்துவப் பொருளியல் நூல்கள் கூறும் 'சுதந்திர உழைப்புச் சந்தை' இதுவென்றால், அச்சொல்லை நாம் மறுபடியும் ஆராய வேண்டும்.

பெண்ணின் நிலை இதனினும் ஒரு படி கீழானது. கங்காணியின் கூட்டத்தில் அவள் ஒரு தலை. கடன் ஏட்டிலோ தந்தையின் அல்லது கணவனின் நிழல். 1927-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ் தாழ்நிலத் தோட்டங்களுக்கு விதிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40 சதம், சிறுவர்க்கு 30 சதம். சட்டம் பாதுகாக்க வந்தபோதும் பத்துச் சதத்தைப் பெண்ணிடம் கழித்துக்கொண்டே வந்தது.

*

காலனித்துவ அதிகாரிகள் எதையும் ஆராயவில்லை என்று கூறுவது பொய்யாகும். 1908-இல் இலங்கை அரசாங்கம் குடிபெயர்ந்த தொழிலாளர் பற்றி ஓர் ஆணைக்குழுவை நியமித்தது. 1917-இல் சென்னை அரசாங்கத்தின் பேரால் மார்ஜரிபாங்க்ஸ் என்பாரும் அகமது தம்பி மரைக்காயரும் இலங்கை, மலாயா ஆகிய நாடுகளுக்குச் சென்ற தொழிலாளரைப் பற்றி அறிக்கை தந்தனர். கடனே இம்முறையின் அச்சாணி என்பது அரசாங்கத்துக்குத் தெரியாத செய்தியன்று. தெரிந்தும் தொட அஞ்சினர். அச்சாணியைப் பிடுங்கினால் வண்டி நிற்கும்.

அதைத் தொடும்படி செய்தது அறிக்கையன்று, கிளர்ச்சியே. சேர் பொன்னம்பலம் அருணாசலம் அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற பின்னர்த் தொழிலாளர் நலனுக்கென ஒரு சங்கம் கண்டு, துண்டையும் சிறைத் தண்டனையையும் எதிர்த்து இடைவிடாது எழுதினார். இந்தியாவில் தேசிய இயக்கத்தின் குரல் உயர்ந்திருந்தது. குடிபெயர்வு பற்றிய புதிய சட்டம் அங்கே உருவாகிக்கொண்டிருந்தது. ஆள் வருவது நின்றுவிடுமோ என்னும் அச்சம் துரைமாரைப் பற்றியது. 1921-ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் துண்டை ஒழித்தது; வேலையை விட்டு நீங்குவோரைச் சிறையிடும் பிரிவுகளும் அக்காலத்தை ஒட்டியே நீங்கின. ஜெனீவா உடன்படிக்கையும் அதே 1921-இல்தான். ஒரே ஆண்டில் இரு விலங்குகள் அறுந்தன. ஒன்றையொன்று அறியாமலே அறுந்தன.

விலங்கு அறுந்தாலும் தழும்பு ஆறவில்லை. கங்காணியும் முன்பணமும் நீடித்தன. வேறு தோட்டம் தேடுவோனுக்குப் பற்றுச்சீட்டு வேண்டும். அதைத் தராது தாமதித்தால் அவன் கால்கள் கட்டுண்டன. 1923 முதல் இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதி ஒருவர் கண்டியில் இருந்து ஆண்டுதோறும் அறிக்கை எழுதினார். ஜெனீவா ஆணைக்குழு ஆசியாவில் சுற்றிய நாட்களில் அப்பதவியில் இருந்தவர் கே. பி. எஸ். மேனன்.

அந்நாட்கள் எத்தகைய நாட்கள் என்பதை நினைவுகூர்தல் தகும். 1929-இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. றப்பர் விலை வீழ்ந்தது; சப்ரகமுவத் தோட்டங்களில் பால்வெட்டு நின்றது; வேலையிழந்தோர் திரளாக இந்தியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். எஞ்சியோரின் கூலி குறைந்தது. 1933-இல் தாழ்நிலத்து ஆணின் நாட்கூலி 50 சதத்திலிருந்து 41 சதமாயிற்று. மனித வாணிபம் பற்றிய அறிக்கை அச்சேறி உலகுக்கு வந்ததும் அதே ஆண்டிலேதான். மனிதரை எல்லைக்கு அப்பாலிருந்து கொண்டுவருவதும், இலாபம் குறைந்தவுடன் எல்லைக்கு அப்பால் அனுப்புவதும் அவ்வறிக்கை கூறிய வாணிபத்தில் சேராதவை.

*

பெயர் சூட்டுவதில் எத்துணை அரசியல் அடங்கியுள்ளது என்பதற்கு மற்றொரு விசாரணை சான்று. சீனக் குடும்பங்களில் வறியோரின் பெண்மக்களை விலைக்கு வாங்கி வீட்டு வேலைக்கு வைக்கும் 'மூய் சாய்' வழக்கம் ஹொங்கொங்கிலும் மலாயாவிலும் இருந்தது. அதை ஆராய 1936-இல் பிரித்தானிய அரசாங்கம் ஓர் ஆணைக்குழு அமைத்தது. அதன் தலைவர் சேர் வில்பிரட் வுட்ஸ். டொனமூர் அரசியற்றிட்டத்தின்கீழ் இலங்கையின் நிதிச் செயலாளராய் இருந்தவர் அவரே! இலங்கையின் வரவு செலவைக் கையாண்டவர், அவ்வரவின் பெரும்பகுதி எவருடைய விரல்களிலிருந்து சொட்டியது என்பதை அறியாதவராய் இருந்திருக்க முடியாது.

1937-இல் வெளியான அறிக்கையில் உறுப்பினருள் ஒருவர் உடன்படவில்லை. பிரித்தானியப் பாராளுமன்றத்தின் முன்னாள் உறுப்பினராகிய எடித் பிக்டன் டேர்பர்வில் அம்மையார் தனி அறிக்கை எழுதினார். 'மூய் சாய்' என்று பதிவான சிறுமியரை மட்டும் காத்தாற் போதாது. தத்து என்றோ வேறெப் பெயராலோ கைமாற்றப்பட்ட குழந்தைகள் யாவரும் பாதுகாப்புக்கு உரியர் என்பது அவர் வாதம். வழக்கத்துக்கு என்ன பெயர் என்று பெரும்பான்மையோர் கேட்டனர்; குழந்தைக்கு என்ன நேர்கின்றது என்று அவர் கேட்டார். இந்தக் கேள்வி இறக்குவானைத் தோட்ட லயத்தில் கேட்கப்பட்டிருந்தால் வரலாறு எவ்வாறு எழுதப்பட்டிருக்கும்!

*

இவ்விடத்தில் வாசகர் ஓர் எச்சரிக்கையை மனத்திற்கொள்ளல் வேண்டும். கங்காணி முறையால் வந்தோர் அனைவரும் கடத்தி வரப்பட்டோர் என்று நாம் கூறவில்லை. உறவினரோடும் ஊராரோடும் வந்தோர் பலர். ஊருக்குப் போய்த் திரும்பி வந்தோரும் பலர். ஊர்ப் பண்ணையின் அடிமைத்தனத்திலிருந்து தப்புவதற்குத் தோட்டத்தைத் தேர்ந்தவரும் உண்டு. அவர்களை வாயற்ற சரக்கு மூட்டைகளாகச் சித்திரிப்பது, துண்டு எழுதியவனின் கண்ணாலேயே அவர்களைப் பார்ப்பதாகும். அவர்கள் சங்கம் கட்டினர், வேலைநிறுத்தம் செய்தனர். ஒருவன் தானே நடந்து வந்தான் என்பதனால் அவன் கழுத்திற் கடன் கட்டியது நியாயமாகிவிடாது என்பதுவே நம் வாதம்.

சிங்களக் குடியானவனையும் நாம் மறக்கலாகாது. 1840-ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம் அவனுடைய சேனையையும் காட்டையும் பறித்தது. நிலமிழந்தவனும் நாடிழந்தவனும் ஒரே வேலியின் இரு பக்கமும் நின்றனர். 1946-இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டத்தைக் கிராமத்தவர்க்கு நிலம் வழங்குவதற்கென அரசாங்கம் எடுத்துக்கொண்டு, அங்கிருந்த தமிழ்த் தொழிலாளரை வெளியேறப் பணித்தது. எதிர்ப்பு அம்மாவட்டத்துத் தோட்டங்களில் வேலைநிறுத்தமாக மூண்டது. ஏழையிடமிருந்து பறித்ததை ஏழையிடமிருந்தே பறித்து ஈடுசெய்யும் வித்தை அது. இரண்டாண்டு கழித்து 1948-இன் குடியுரிமைச் சட்டம் அத்தொழிலாளரை நாடற்றோராக்கியது. 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி உடன்பாடு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலைகளைப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கணக்குப் பிறகு பார்க்கப்படும் என்றது. துண்டில் தோட்டத்துத் துரைமார் எழுதியதை இப்பொழுது இரு நாடுகளின் பிரதமர்கள் எழுதினர். தலைக்கு உரியவரை இம்முறையும் எவரும் கேட்கவில்லை.

*

சட்டத்தின் சொற்கள் பின்னர் விரிந்தன. 2000-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற பலெர்மோ நெறிமுறை, ஒருவரின் வறுமையையும் கதியின்மையையும் பயன்படுத்திச் சுரண்டலுக்கென ஆள் திரட்டுவதையும் மனித வாணிபம் என்கின்றது. விபசாரம் மட்டுமன்று, கட்டாய உழைப்பும் அதில் அடங்கும். ஏமாற்றியும் கதியின்மையைப் பயன்படுத்தியும் பெற்ற சம்மதம் சம்மதமாகாது என்கின்றது. 2006-இல் இலங்கைத் தண்டனைக் கோவை இதற்கேற்பத் திருத்தப்பட்டது. 2015-இல் இலங்கை அந்நெறிமுறையை ஏற்றுறுதி செய்தது. இந்த அளவுகோலைத் துண்டின்மேல் வைத்துப் பார்த்தால் அன்று 'சுதந்திரம்' எனப்பட்டதன் பெயர் என்னவாகும் என்பதை வாசகரே சொல்லலாம்.

2021-இன் இறுதியில் ஐக்கிய நாடுகள் சபையின் விசேட அறிக்கையாளர் தொமோயா ஒபொக்காத்தா, தற்கால அடிமைத்தனத்தை ஆராய இலங்கைக்கு வந்தார். அவர் அறிக்கை மலையகத் தமிழரின் தோட்ட வாழ்வை நேரடியாகவே பேசியது. ஜெனீவாவின் கேள்வி லயத்தின் வாசலை எட்ட ஏறத்தாழ 90 ஆண்டுகள் ஆயின.

இதற்கிடையே லயத்தின் வாசலுக்கு வேறொருவர் வந்துவிட்டார். வளைகுடா நாடுகளில் வீட்டு வேலைக்குப் பெண்களைத் திரட்டும் முகவரின் தரகர் அவர். புறப்படுமுன்னரே கையில் முற்பணம் தருகின்றார். குடும்பத்தின் கடன் அதில் அடைகின்றது. பெண்ணின் கடன் அதில் தொடங்குகின்றது. அங்கே சென்றபின் பெரும்பாலும் எசமானரின் அனுமதியின்றி வேலை மாற முடிவதில்லை. கடவுச்சீட்டும் அவர் கையில் சிக்கிவிடுவதுண்டு. 2022-இல் சுற்றுலா விசாவில் ஓமானுக்கு அனுப்பப்பட்டு அவலமுற்ற இலங்கைப் பெண்களின் கதை நாட்டை உலுக்கியது. கங்காணிக்குப் பதில் முகவர். பற்றுச்சீட்டுக்குப் பதில் கடவுச்சீட்டு. அரசாங்கமோ 2013-இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்றொரு விதியைக் கொணர்ந்து, சிறு குழந்தைகளின் தாய்மாரைப் போகவிடாது தடுத்தது. 2022-இல் அதனைக் கைவிட்டது. சுரண்டுவோனைக் கட்டாமல் பெண்ணின் காலைக் கட்டும் அப்பழைய 'பாதுகாப்பு' எவ்வளவு நீண்ட ஆயுள் உடையது!

வரலாறு கற்பிக்கும் நாமும் கற்கும் மாணவரும் செய்யவேண்டிய பணி ஒன்றுண்டு. ஆணைக்குழு அறிக்கையைக் கையில் எடுக்கும்போது, அதில் என்ன எழுதியிருக்கின்றது என்பதோடு, எவரிடம் கேட்டு எழுதினர் என்பதையும் கேட்போம். நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் தோட்டத்துச் சிறுமியின் பாட்டி எந்த ஊரிலிருந்து, எவர் கொடுத்த முன்பணத்தில், எவ்வழியே வந்தவரின் பேத்தி என்பதைக் கேட்டு எழுதி வைப்போம். அச்சிறுமியின் தாய் இப்பொழுது எந்த நாட்டில், எவருடைய வீட்டில், எந்தச் சீட்டின் பேரில் வேலை செய்கின்றாள் என்பதையும் அதன் அடுத்த பக்கத்தில் எழுதுவோம். இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் படிக்கும் தலைமுறை, இனி வரும் ஆணைக்குழுக்களிடம் தானே கேள்வி கேட்கும்.